மோப்ப ஜீன்களை எண்ணும் வேலை

எலியின் மூக்கில் வாசனையைப் பிடிக்கும் புரதங்களான ஏற்பிகளை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பூச்சிகளில் அதே வேலையைச் செய்யும் ஏற்பிகள் கிடைக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் தேடாமல் இல்லை. எலியின் ஜீன் வரிசையை வைத்துக்கொண்டு, அதைப் போல ஏதாவது பழ ஈயில் இருக்கிறதா என்று பல ஆய்வகங்கள் பார்த்தன. ஒன்றும் அகப்படவில்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் கார்ல்சனின் ஆய்வகம் வேறு வழியில் போனது. ஜுன்ஹ்யோங் கிம் அவர்களுக்காக உருவாக்கிய நிரல், வரிசைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவே இல்லை. ஒரு புரதம் செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவிப் போவதானால், தண்ணீரோடு ஒட்டாத அமினோ அமிலங்களும் ஒட்டுகிற அமினோ அமிலங்களும் அதில் ஒரு தாளத்தோடு மாறி மாறி வரும். அந்தத் தாளத்தை மட்டும் நிரல் தேடியது. ஈயின் ஜீனோம், அதாவது அதன் முழு மரபு வரிசை, அப்போது முழுதாக வெளிவந்திருக்கவில்லை. கிடைத்த துண்டுகளிலேயே தேடி, வந்த ஜீன்களில் எவை உணர்கொம்பில் வேலை செய்கின்றன என்று சோதித்து, ஒரு புதிய குடும்பத்தையே வெளியே எடுத்தார்கள். அதே ஆண்டு கொலம்பியாவில் லெஸ்லி வோஸ்ஹாலும் ஆக்சலும் வேறொரு பாதையில் வந்து அதே குடும்பத்தை அடைந்தார்கள்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. ஏழு முறை ஊடுருவும் புரதத்தை ஏன் தேடினார்கள்? எலியின் ஏற்பி அப்படி இருந்தது, பூச்சியினுடையதும் அந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். 2006-ல் பார்த்தால், பூச்சியின் ஏற்பி சவ்வில் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. எலியில் வெளியே இருக்கும் முனை இதில் உள்ளே. 2008-ல், அது அயனிகளை நேரடியாக உள்ளே விடும் ஒரு கால்வாய் என்று தெரிந்தது. 2018-ல் வனேசா ரூட்டாவின் குழு வடிவத்தையே படம் பிடித்தது: நான்கு புரதங்கள் சேர்ந்து நடுவில் ஒரு துளை. எலியின் ஏற்பிக்கும் இதற்கும் வம்ச உறவே கிடையாது. ஏழு என்ற எண் மட்டும் தற்செயலாக ஒத்துப்போயிற்று. தேடிய காரணம் தப்பு, கிடைத்தது சரி. பூச்சியையும் கணினியையும் வைத்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களின் துறை இப்படித்தான் பிறந்தது. வம்சம் இன்னும் மாறவில்லை.

நான் வேளாண் கல்லூரி வழியாக வந்தவள். பி.எஸ்சி. அக்ரி படித்தவர்களுக்குப் பூச்சிப் பெட்டி மறக்காது. செமஸ்டர் முடிவதற்குள் பூச்சி பிடித்து, ஊசி குத்தி, இறக்கை விரித்து, லேபிள் ஒட்டி, மூலையில் நாப்தலீன் உருண்டை போட்டுக் கொடுத்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஹாஸ்டல் டியூப்லைட்டுக்குக் கீழே வாளியில் தண்ணீர் வைத்தாலே பாதிப் பெட்டி நிரம்பிவிடும். எனக்கு மதிப்பெண்ணைவிட உணர்கொம்புகள்தான் பிடித்தன. ஆண் அந்துப்பூச்சிக்கு இறகு மாதிரி அகலம், பெண்ணுக்கு நூல் மாதிரி மெலிசு. ஒரே இனத்தில் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டதற்கு, "ஆண்தானே தேடிப் போகணும்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரிக்குள் எத்தனை ஜீன் இருக்கிறது என்று பார்க்கத்தான் எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் பெங்களூருக்கு முனைவர் பட்டம் படிக்கப் போனேன்.

அங்கே போனபோது எனக்குக் கணினியில் தெரிந்தது எக்செல் மட்டும். பெர்ல் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொண்டேன். உயிரியலுக்காகப் பெர்ல் கற்ற கடைசித் தலைமுறை நாங்கள் என்று நினைக்கிறேன். பின்னால் வந்தவர்கள் நேராகப் பைத்தானில் இறங்கிவிட்டார்கள், புண்ணியவான்கள்.

சரி, வேலை என்ன? ஒரு பூச்சியின் ஜீனோம் ஒரு பெரிய எழுத்துக் கோப்பாக வருகிறது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள், கோடிக்கணக்கில். ஜீன்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று யூகிக்க நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. தசைப் புரதம், செரிமான நொதி போன்றவற்றை அவை கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லிவிடும். மோப்ப ஏற்பிக்கு வந்தால் சொதப்பும். ஒரே குடும்பத்து ஏற்பிகள் இரண்டை அடுக்கி வைத்தால் ஐந்தில் ஒரு அமினோ அமிலம்கூட ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆகவே ஈயில் தெரிந்ததை வைத்துத் தேனீயில் தேடினால் பாதிக்கு மேல் தப்பிப் போகும். அப்புறம், இவை உணர்கொம்பில் உள்ள சில நரம்புச் செல்களில் மட்டும் கொஞ்சமாக வேலை செய்பவை. வேலை செய்யும் ஜீன்களின் நகல்தான் ஆர்என்ஏ; முழு உடம்பை அரைத்து எடுத்த ஆர்என்ஏ-வில் இவற்றின் தடயமே இருக்காது. ஐஸ் மேல் வைத்து நூற்றுக்கணக்கில் உணர்கொம்புகளை நறுக்கித் தரும் பொறுமைசாலி ஒருவர் ஆய்வகத்தில் இருந்தால்தான் சான்று கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட மோசம், இவை வரிசையாக ஒட்டி ஒட்டி நிற்பது. ஒரு ஜீன் பிரதியாகி இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் பார்த்து எழுதியவர்கள் விட்ட பிழைகள் மாதிரி ஒவ்வொரு பிரதியிலும் சின்னச் சின்ன மாற்றம் சேர்கிறது. தேனீயின் இரண்டாம் குரோமோசோமில் 60 மோப்ப ஜீன்கள் இப்படி ஒரே வரிசையில் நிற்கின்றன. மென்பொருள் இவற்றில் ஒன்றின் தலையையும் அடுத்ததன் வாலையும் சேர்த்து, இல்லாத ஜீன் ஒன்றை உண்டாக்கிவிடும். அதை அவிழ்ப்பது மனிதக் கண்ணின் வேலை. அப்பல்லோ போன்ற, ஜீன் எல்லைகளைத் திருத்தும் மென்பொருளின் திரையில் அந்த இடத்தைத் திறந்து, ஒவ்வொரு இன்ட்ரானும் (ஜீனுக்கு நடுவே வந்து, புரதமாகாமல் வெட்டப்படும் பகுதி) ஜிடி-யில் தொடங்கி ஏஜி-யில் முடிகிறதா, புரதம் 400 அமினோ அமிலம் அளவுக்கு வருகிறதா என்று பார்த்து எல்லையை இழுத்து வைக்க வேண்டும். பிறகு அடுத்த ஜீன்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஹ்யூ ராபர்ட்சன் இப்படிப் பூச்சி பூச்சியாக மோப்ப, சுவை ஏற்பிகளைக் கையாலேயே எழுதி வைத்தார். அவருடைய பட்டியல்களில் ஜீன் பெயருக்குப் பின்னால் வரும் வால்களை நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். பி.எஸ்.இ. என்றால் செத்த ஜீன். என்.டி.இ. என்றால் முன்முனை காணவில்லை, சி.டி.இ. என்றால் பின்முனை காணவில்லை. எஃப்.ஐ.எக்ஸ். என்றால் மூல வரிசையில் பிழை இருந்தது, நான் திருத்தினேன் என்று பொருள். அந்த மூன்றெழுத்து வால்கள்தான் இந்தத் துறையின் நேர்மை என்பேன். "இந்தப் பூச்சிக்கு 170 ஏற்பிகள்" என்று ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தில் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்குள் எத்தனை முழுசு, எத்தனை ஊனம், எத்தனை சந்தேகம் என்பது அட்டவணையின் வால்களில்தான் தெரியும். அட்டவணையைத் திறந்து பார்க்காமல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஒரு ஜீனின் நடுவே, புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறியீடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செத்த ஜீனா, இல்லை வரிசையை வாசிக்கும் எந்திரம் தப்பாக வாசித்ததா? ஒரே எழுத்து தொடர்ந்து பல தடவை வரும் இடங்களில் எந்திரங்கள் தடுமாறும். மூல வாசிப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லா வாசிப்பும் ஒன்றையே சொன்னால், அந்தத் தனிப் பூச்சியில் அது செத்ததுதான்; பக்கத்துத் தோட்டத்துப் பூச்சியில் உயிரோடு இருக்கலாம். எத்தனை ஜீன் என்று எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள். பதில் சொல்ல வேண்டுமானால் எந்த ஊர்ப் பூச்சி, எந்த எந்திரம், எண்ணியது யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆனாலும் அந்த எண்கள் அழகானவை. துணிகளில் வாழும் உடல் பேனுக்கு மோப்ப ஏற்பிகள் 10. பழ ஈயில் 60 ஜீன்கள், அவற்றிலிருந்து 62 புரதங்கள். 2006-ல் வெளிவந்த தேனீ ஜீனோமில் 170. அதே பேரினத்தைச் சேர்ந்த நம் கொம்புத் தேனீயில் சுமார் 180. இதைப் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் (என்.சி.பி.எஸ்.) சௌதாமினி, ஆக்செல் புரோக்மன் குழுக்கள் 2016-ல் எழுதினார்கள். எறும்புகள் பலவற்றில் 300-க்கும் மேல். பேன் மனித உடம்பை விட்டு எங்கும் போவதில்லை, எதையும் தேடுவதில்லை. எறும்புக்கு யார் நம் கூட்டு, யார் வேற்றுக் கூட்டு, யார் ராணி என்பதெல்லாம் வாசனைதான்.

பேனில் 10 மட்டும் என்று ஒருவர் சொன்னால், உண்மையிலேயே 10-தானா, தேடியவருக்குப் 10 மட்டும் அகப்பட்டதா என்று கேட்க வேண்டும். வரிசையை மட்டும் பார்ப்பவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பேன் எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது என்று தெரிந்தவர், 10 என்பது நம்பத்தக்க எண், சுவை ஏற்பியும் குறைவாகத்தான் இருக்கும், அதையும் பார் என்பார். தேனீயில் இதற்கு நேர் எதிர்: மோப்பம் 170, சுவை ஏற்பிகள் 10 மட்டும். பூக்கள் தேனீயை விரட்டுவதில்லை, அழைக்கின்றன. புழுவுக்குச் செவிலித் தேனீ ஊட்டுகிறது. இலையில் நஞ்சு இருக்கிறதா என்று நக்கிப் பார்க்கும் அவசியம் அதற்குக் குறைவு என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். பூச்சிப் பெட்டி செய்த காலம் வீணாகவில்லை என்று நான் நினைப்பது இது போன்ற இடங்களில்தான்.

எண்ணி முடித்ததும் வேலை முடியாது. ஆண் தேனீக்கு உணர்கொம்பும் கண்ணும் பெரிது, ஆயுளில் ஒரே வேலை: பறக்கும் ராணியைக் கண்டுபிடிப்பது. அந்த 170-ல் எவை ஆணின் உணர்கொம்பில் மட்டும் தூக்கலாக வேலை செய்கின்றன என்று கணக்கிட்டால் நான்கு மிஞ்சின. நான்கையும் தவளை முட்டைச் செல்லில் ஏற்றி, ராணி வெளிவிடும் பொருள்களைக் காட்டிப் பார்த்தார்கள். பதினொன்றாம் எண் ஏற்பி ராணியின் முதன்மை ஃபெரமோனுக்கு, அதாவது தன் இனத்துக்குச் சேதி சொல்ல அது விடும் வாசனைப் பொருளுக்கு, பதில் சொன்னது. 2007-ல் வந்த கட்டுரை. கணினி 170-ஐ நான்காக்கியது, தவளை முட்டை நான்கை ஒன்றாக்கியது. இரண்டில் எது பெரிய வேலை என்று கேட்டால் தயங்காமல் தவளை முட்டை என்பேன். என் துறை நண்பர்களுக்கு இது பிடிக்காது.

இன்னொன்று, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டை கொசு. கென்யாவின் கடற்கரையோரம் ரபாய் பகுதியில் இதன் இரு வகைகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. காட்டு வகைக்கு விலங்கு ரத்தம் பிடிக்கும், வீட்டு வகைக்கு மனிதன். இரண்டையும் கலந்து, பிள்ளைகளில் மனித வாசனைக்குப் போகிறவற்றையும் போகாதவற்றையும் பிரித்து, உணர்கொம்பு ஜீன்களை ஒப்பிட்டதில் நான்காம் எண் ஏற்பி மேலே வந்தது. அது உணர்வது சல்கடோன் என்ற மணப்பொருள். மனித உடல் மணத்தில் அது நிறைய இருக்கிறது. 2014-ல் லிண்டி மெக்பிரைட், வோஸ்ஹால் முதலானோர் இதை எழுதியபோது அவர்கள் கையில் இருந்த ஏடிஸ் ஜீனோம் 2007-ல் வந்தது, 36,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கிக் கிடந்தது. அந்த ஜீனோமில் பாதி தாவும் ஜீன்கள், ஒன்று போலவே மறுபடி மறுபடி வருபவை. குட்டை வாசிப்புகளை வைத்து அதை ஒட்டுவது கஷ்டம். நீள வாசிப்புத் தொழில்நுட்பம் வந்தபின் 2018-ல் ஒரு பெரிய கூட்டணி அதை மூன்று முழுக் குரோமோசோம்களாக்கியது. ஏற்பிகளின் பட்டியலும் மாறிப்போனது. சில ஜீன்கள் இரண்டாக எண்ணப்பட்டிருந்தன, பல விடுபட்டிருந்தன.

அதற்குப் பிறகும் விடவில்லை. ஒரு நரம்புக்கு ஒரு ஏற்பி என்பது பாடப்புத்தக விதி. 2022-ல் ஏடிஸின் ஒவ்வொரு நரம்புச் செல்லையும் தனித்தனியே கணக்கெடுத்தபோது, ஒரே நரம்பில் வெவ்வேறு குடும்பத்து ஏற்பிகள் ஒன்றாக இருந்தன. மனித வாசனைக்கு ஒரு வழியை அடைத்தாலும் கொசு இன்னொரு வழியில் வந்துவிடுகிறதே என்று 2013 முதல் இருந்த குழப்பத்துக்கு இது ஓரளவு விடை.

இப்போது புதிதாக வருகிற மாணவர்கள், "ஆல்ஃபாஃபோல்டு இருக்கே, இதையெல்லாம் இன்னும் கையால் ஏன் பண்ணணும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு எனக்கு நிஜமாகவே உதவுகிறது. எல்லை சரியாக இழுத்த ஏற்பி என்றால் ஏழு சுருள்களும் ஒழுங்காக மடிந்து வரும், இரண்டு ஜீன் ஒட்டிய போலி என்றால் மடிப்பில் ஒரு வால் தொங்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் வரிசையை யாராவது சரியாக எழுதியிருக்க வேண்டும். தப்பான வரிசைக்கும் அது ஒரு வடிவம் போட்டுத்தான் தரும். என்னிடமிருந்து வரிசையை வாங்கிப் பிரைமர் (ஜீனைப் பிரதியெடுக்க உதவும் சின்ன டிஎன்ஏ துண்டு) வடிவமைக்கும் ஆய்வகத் தோழிக்கு இந்தச் சமாதானமெல்லாம் தேவையில்லை. எல்லை தப்பென்றால் ஜெல்லில் பேண்டே வராது, உடனே போன் வரும்.

வேலை வாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சியியல் பணியிடத்துக்கு விண்ணப்பித்தால், வயல் சோதனை அனுபவம் எங்கே என்கிறார்கள். உயிர்த்தகவலியல் பணியிடத்துக்குப் போனால், பட்டம் வேளாண்மையில் இருக்கிறதே என்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் என் விண்ணப்பம் இரண்டு பிரிவுகளுக்கும் சுற்றிவிட்டு, தொடர்பற்ற துறை என்ற குறிப்போடு திரும்பியது. பாடக் குறியீடு ஒன்றைத்தான் நிரப்ப முடியும் என்று வடிவமைத்த படிவங்கள் இருக்கும்வரை இது மாறாது. இரண்டு துறைக்கும் நடுவில் நிற்பவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டங்களில்தான் காலம் தள்ளுகிறோம்.

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் போடும் என் மாமாவுக்கு இந்தப் பிரிவெல்லாம் கிடையாது. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்து, குருத்தைக் குருத்தாகத் தின்றுகொண்டிருந்த சமயம். "ஏம்மா, நீ பூச்சி படிச்சவதானே? பட்டுப்புழுவுக்கு மல்பெரிய விட்டா வேற இலை ஆகாது. இந்தச் சனியன் மட்டும் எப்படி எதைக் கண்டாலும் திங்குது?"

அவ்வளவு கச்சிதமாக அந்தக் கேள்வியை எந்த நேர்காணலிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. படைப்புழுவின் ஜீனோம் அதற்கு முந்தைய வருடம்தான் வந்திருந்தது. அதில் சுவை ஏற்பிகள் 230 அளவில் இருந்தன. பட்டுப்புழுவில் அதில் பாதிகூட இல்லை. பல பயிர் தின்னும் பச்சைக் காய்ப்புழுவிலும் 200-க்கு மேல். எண்ணிக்கை கூடியதால் பலதைத் தின்கிறதா, பலதைத் தின்றதால் எண்ணிக்கை கூடியதா என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மாமாவிடம் எண்ணை மட்டும் சொன்னேன். "எடுத்துட்டா நிறுத்திருமா?" என்றார். "ஒண்ணு ரெண்டா மாமா? இருநூறுக்கு மேல இருக்கு." "அப்ப மருந்துதான் அடிக்கணும்ங்கற." இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாமே என்றேன். வைத்திருந்தார். ஆண் அந்து விழுகிறது, புழு குறையவில்லை. பொறி, எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று காட்டத்தான், அதுவே மருந்தாகாது என்று விளக்கியதை அவர் பாதிதான் கேட்டார். பால் கறக்கும் நேரமாகிவிட்டது.

அடுத்த வருடமே சீன ஆய்வாளர்கள் பட்டுப்புழுவில் ஒரே ஒரு சுவை ஏற்பியை, 66-ஆம் எண்ணை, கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கருவியை வைத்து முடக்கினார்கள். அந்தப் புழுக்கள் ஆப்பிளையும் சோயாவையும் தின்றன. அதாவது பட்டுப்புழு மல்பெரியை மட்டும் தின்பதற்கு, மற்றவற்றை வேண்டாம் என்று சொல்லும் ஒரு ஏற்பியும் காரணம். மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப இந்தப் புழுவுக்கு வேண்டாம்னு சொல்றது எது?" என்றார். என் இப்போதைய திட்ட முன்மொழிவின் முதல் கேள்வி அதுதான், கொஞ்சம் பெரிய வார்த்தைகளில்.

இதில் இறங்கலாமா என்று கேட்டு எழுதும் மாணவர்களுக்கு நான் படிப்புப் பட்டியல் தருவதில்லை. ஒரு பயிற்சி தருகிறேன். ஆர்கோ என்று ஒரு ஏற்பி உண்டு. மற்ற மோப்ப ஏற்பிகளுக்கெல்லாம் துணை நிற்பது, அதனால் பூச்சிக்குப் பூச்சி அதிகம் மாறாதது. பழ ஈயில் 486 அமினோ அமிலம். அதன் வரிசையை, ஜீன் தரவுகளைச் சேமித்து வைக்கும் என்.சி.பி.ஐ. தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு பூச்சியின் ஜீனோமை இறக்குங்கள், புரத வரிசையை வைத்து ஜீனோமில் தேடும் டிபிளாஸ்ட்என் நிரலை ஓட்டுங்கள். துண்டு துண்டாக எக்சான்கள், அதாவது ஜீனில் புரதமாகும் பகுதிகள், வரும். ஜிடி, ஏஜி பார்த்துக் கையாலேயே ஒட்டுங்கள், எந்த மென்பொருளும் வேண்டாம். முழுப் புரதம் வந்ததும், அதே ஜீனுக்குத் தானியங்கி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்கோவில் பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். அடுத்து, தேனீயின் இரண்டாம் குரோமோசோமில் அந்த 60 வரிசைக்குப் போய் ஏதாவது ஒன்றில் இதையே செய்யுங்கள். எரிச்சலாக இருந்தால் வேறு துறை பாருங்கள், தப்பில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியது தெரியாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், படைப்புழுவில் இன்னும் எல்லை இழுக்காதவை நிறைய இருக்கின்றன.